நீ எந்த ரேண்டம்?



போன எபிசோடில் பைதானில் வரும் பெயர் மோதல் பற்றிப் பேசும்போது கட்டளைகளை மடமடன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். "காரில் கேட்டேன், ஒண்ணும் எழுதிக்க முடியல" என்று சிலர் எழுதியிருந்தீங்க. அதனால் இந்த வாரக் கடிதம் முழுக்க அதுதான். நிகழ்ச்சியில் வாயால் சொல்ற மாதிரியே எல்லாத்தையும் தமிழில் எழுதியிருக்கேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கோங்க.

விஷயம் ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது. நார்வேயில் இருக்கும் ஒரு அக்கா. பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, வாரத்தில் இரண்டு மாலை பைதான் வகுப்பு. முழங்கால் வலி அதிகமாயிட்டதால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறணும்னு ஐம்பதை நெருங்கும் வயதில் படிக்கத் தொடங்கியவர். வகுப்பில் கொடுத்த பயிற்சி, பகடை உருட்டும் ஒரு சின்ன நிரல். மொத்தம் ஆறு வரி. அதற்கு மூன்று இரவு செலவழித்திருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: "தம்பி, எனக்கு இது சரிவராது போல கிடக்கு. வகுப்பை விடலாமெண்டு யோசிக்கிறன்."

ஆறு வரியையும் படித்துப் பார்த்தேன். தப்பே இல்லை. முதல் வரியில் ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்கிறார், அப்புறம் ரேண்டின்ட்டைக் கூப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஒரு எண் கேட்கிறார். பைதான் சொன்ன பதில்: "பாதி தயாரான ரேண்டம் மாட்யூலில் ரேண்டின்ட் என்று எதுவும் இல்லை, பெரும்பாலும் சர்குலர் இம்போர்ட் காரணமாக இருக்கலாம்." அக்கா அந்தக் கடைசி இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு இரவு சர்குலர் இம்போர்ட் பற்றிப் படித்திருக்கிறார். இரண்டு மாட்யூல் ஒன்றையொன்று கூப்பிடும் சிக்கல் அது. இவரிடம் இருப்பதே ஒரே ஒரு கோப்பு! மூன்றாவது இரவு பைதானையே அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறார், இரண்டு தடவை. எதுவும் மாறலை.

கடிதத்தோடு ஒரு திரைப்படப் பிடிப்பும் அனுப்பியிருந்தார். பிழைச் செய்தியின் மேல் பகுதியில், யாரும் படிக்காத அந்த அடுக்கில், கோப்பின் பெயர் இரண்டு தடவை வந்திருந்தது. ரேண்டம்.பை.

பயிற்சி ரேண்டம் பற்றியது, அதனால் கோப்புக்கும் ரேண்டம்னு பேர் வச்சிருக்கார். யார்தான் வைக்க மாட்டாங்க? அவர் "ரேண்டமைக் கொண்டுவா" என்றதும் பைதான் அவருடைய கோப்பையே மறுபடி கொண்டுவந்து நிறுத்தியது. அந்தக் கோப்பு, பாதி ஏறிய நிலையில், தன்னிடமே ரேண்டின்ட் கேட்டது. அதனால் சர்குலர் இம்போர்ட் என்று பைதான் சொன்னது பொய் இல்லை, தன்னைத் தானே கூப்பிடுவதும் ஒரு சுற்றுதான். ஆனால் புதிதாகப் படிக்கிறவருக்கு அந்த உண்மையால் ஒரு பயனும் இல்லை.

கூப்பிட்டால் யார் திரும்புவார்

ஒரே பேரில் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வாசலில் நின்று கூப்பிட்டால், முதலில் காதில் விழுந்தவர்தான் எட்டிப் பார்ப்பார். பைதானிலும் அப்படித்தான், ஆனால் யார் காதில் முதலில் விழும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கு. அந்த வரிசை தெரிந்துவிட்டால் பாதி மர்மம் தீர்ந்தது.

இம்போர்ட் என்றதும் பைதான் முதலில் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற பட்டியலைப் பார்க்கும். இந்த ஓட்டத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட மாட்யூல்கள் அதில் இருக்கும். அங்கே கிடைத்தால் வேறெங்கும் தேடாது. அடுத்து, பைதானோடு சேர்த்தே பிணைக்கப்பட்ட உள்கட்டு மாட்யூல்கள். அதுக்கப்புறம்தான் சிஸ்.பாத், அதாவது எந்தெந்த ஃபோல்டரில் தேடணும் என்ற வரிசை. நீங்க ஒரு கோப்பை நேரடியாக ஓட்டினால் அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டர் சிஸ்.பாத்தின் முதல் இடத்தில் போய் உட்கார்ந்துக்கும். பைதானோடு வரும் நிலையான நூலகம் அதற்குப் பின்னால்தான். பிப் மூலம் நிறுவியவை எல்லாம் இன்னும் பின்னால்.

அக்கா பைதானை எத்தனை தடவை நிறுவினாலும் சரியாகாததற்கு இதுதான் காரணம். கோளாறு பைதானில் இல்லை, அவருடைய ஃபோல்டரில்.

இந்த வரிசையில் ஒரு வேடிக்கையும் உண்டு. டைம்.பை என்று ஒரு கோப்பு வைத்துப் பாருங்க. ஒன்றுமே ஆகாது, ஏன்னா டைம் உள்கட்டு மாட்யூல், உங்க ஃபோல்டர் வரைக்கும் தேடலே வராது. மேத் கதை வேறே. சில பைதான் நிறுவல்களில் அது உள்கட்டு, சிலவற்றில் தனிக் கோப்பு. அதனால் மேத்.பை என்ற கோப்பு ஒருத்தர் கணினியில் சத்தமில்லாமல் இருக்கும், பக்கத்து மேசைக்காரர் கணினியில் எல்லாத்தையும் உடைக்கும். "என் மெஷின்ல ஓடுதே" என்று நாம் சொல்லும் பல சண்டைகளுக்கு இப்படி ஒரு அற்பக் காரணம் இருக்கலாம்.

அடி உங்க நிரலில் விழாமல் எங்கேயோ விழுவதுதான் ரொம்பக் கொடுமை. ரேண்டம்.பை இருக்கும் ஃபோல்டரில் அடுத்த வாரம் வேறொரு நிரல் எழுதுறீங்க, அது டெம்ப்ஃபைலை இம்போர்ட் செய்யுது. டெம்ப்ஃபைல் உள்ளுக்குள் ரேண்டமைக் கேட்கும். உங்க பகடை எட்டிப் பார்க்கும். பிழை, பைதானின் சொந்த நூலகத்துக்குள் வந்ததாகக் காட்டும். அதே மாதிரி இமெயில்.பை வைத்தால் இணையப் பக்கம் எடுக்கும் யூஆர்எல்லிப் விழும், ஏன்னா அது இமெயில் தொகுப்புக்குள் இருக்கும் பார்ஸரைத் தேடும். அங்கே வரும் செய்தி கொஞ்சம் நேர்மையானது: "இமெயில் ஒரு பேக்கேஜ் இல்லை" என்கும். கோட்.பை என்று வைத்தால் பிழை தேட உதவும் பிடிபியே உடையும், அது கோட் மாட்யூலை இம்போர்ட் செய்வதால். பிழை தேடப் போன கருவியே பிழையில் படுத்துக்கிட்டா ஆளுக்குப் பைத்தியம் பிடிக்காதா?

டோக்கன், டைப்ஸ், ஸ்ட்ரிங், காலண்டர், காப்பி, க்யூ. நாம் சாதாரணமாக வைக்கத் தோன்றும் பெயர்கள்தான் எல்லாம்.

என் பங்குக்கு

அந்தக் கடைசிப் பெயர் நான் பட்டது. முன்பு ஜெர்மனியில் ஒரு கிடங்கு நிறுவனத்துக்கு நிரல் எழுதினேன். லாரிகள் வரிசையில் நிற்பதைக் கணக்கிட க்யூ.பை என்று ஒரு கோப்பு வைத்தேன். ஐந்து மாதம் ஜோராக ஓடியது. அப்புறம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு இளைஞர், நிலவரத்தை வேறொரு சர்வருக்கு அனுப்ப ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைச் சேர்த்தார். தனி ஃபோல்டரில் சோதித்தார், ஓடியது. எங்கள் முதன்மை நிரலோடு சேர்த்து வெள்ளிக்கிழமை மதியம் சர்வரில் ஏற்றினோம். விழுந்தது.

பிழை, ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில் இருக்கும் யூஆர்எல்லிப்3 நூலகத்தில். நான் அடுக்கைப் பார்த்தேன், அந்த நூலகத்தின் பெயரைப் பார்த்தேன், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "நேத்து வரைக்கும் ஓடிச்சு. நீங்க போட்டதுக்கு அப்புறம்தான் போச்சு." அவர் ஒண்ணும் பதில் பேசலை. சனி, ஞாயிறு முழுக்க நூலகத்தின் பழைய பதிப்பு ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

திங்கள் காலை என் மேசைக்கு வந்து ஒரே ஒரு வரியைக் காட்டினார். க்யூ மாட்யூலை இம்போர்ட் செய்து அதன் டண்டர் ஃபைலை அச்சிட்டிருந்தார். முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட அந்த ஃபைல் என்ற சொல், மாட்யூல் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று சொல்லும். பாதை நேராக எங்கள் ஃபோல்டருக்குப் போனது. யார் எழுதினாங்கன்னு கிட் வரலாறு சொல்லும், அதையும் பார்த்துட்டுத்தான் வந்திருந்தார், ஆனா அதை வாயால் சொல்லலை. அன்று மதியக் கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால், மன்னிப்புக் கேட்டேன்.

அதுக்கப்புறம் "யார் கடைசியா மாத்தினது?" என்று நான் முதல் கேள்வியாகக் கேட்பதில்லை. மாட்யூலிடம் கேட்பேன்: நீ எந்தக் க்யூ?

கேட்கும் முறை

சந்தேகமான மாட்யூலை இம்போர்ட் செய்த அடுத்த வரியிலேயே அதன் டண்டர் ஃபைலை அச்சிடுங்க. உங்க ஃபோல்டரின் பாதை வந்தால் ஆள் அகப்பட்டார். எந்த மாட்யூல் என்றே தெரியவில்லை, பிழை எங்கோ ஆழத்தில் வருது என்றால், பைதான் என்று தட்டி, ஹைஃபன் போட்டு, பெரிய எழுத்து பி போட்டு, பிறகு கோப்பின் பெயர் கொடுங்க. 3.11 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கு. உங்க ஃபோல்டரை சிஸ்.பாத்தின் தலையில் சேர்க்காமல் ஓட்டும். அப்போது அந்தப் பிழை மறைந்தால் குற்றவாளி உங்க ஃபோல்டரில்தான் இருக்கார். இதையே நிரந்தரத் தீர்வாக வச்சுக்காதீங்க, ஏன்னா உங்க மற்ற கோப்புகளையும் அது கண்டுபிடிக்காது. வைத்தியம் இல்லை, தெர்மாமீட்டர்.

தீர்வு, பெயரை மாற்றுவது மட்டும்தான். பழைய பதில்களில் ".பைசி கோப்பையும் அழிக்கணும்" என்று இருக்கும். பைதான் 2 காலத்தில் அது உண்மை, மூலக்கோப்பு போனாலும் பக்கத்தில் கிடந்த பைசி ஏறிக்கொள்ளும். இப்போது பைகேஷ் ஃபோல்டருக்குள் இருக்கும் பைசி, மூலக்கோப்பு இல்லாமல் தானாக ஏறாது.

2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் பிழைச் செய்தியே திருந்தியிருக்கு. உங்க கோப்பின் முழுப் பாதையைக் காட்டி, இதே பெயரில் நிலையான நூலகத்தில் ஒரு மாட்யூல் இருக்கு, பெயரை மாற்றிப் பாருங்க என்று சொல்கிறது. அக்காவின் கணினியில் இருந்தது 3.10. மூன்று பதிப்பு தள்ளி இருந்திருந்தால் மூன்று இரவும் மிச்சமாகியிருக்கும்.

பெயர் வைக்கும் முன்பே பார்த்துக்க, சிஸ்.ஸ்டிடிலிப் மாட்யூல் நேம்ஸ் என்ற பட்டியல் 3.10 முதல் உள்ளேயே இருக்கு. ரஃப் பயன்படுத்துறவங்க ஏ005 என்ற விதியைப் போட்டுவிட்டால் அது தானாக எச்சரிக்கும்.

கடைப்பெயர் வேறு, கூப்பிடும் பெயர் வேறு

இதுவரை நாமே உண்டாக்கிய மோதல். இனி, பிப் பக்கம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்பப் பாடுபட வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர், அப்பா பேர் குடும்பப் பெயராகி அலுவலகத்தில் உங்களை உங்க அப்பா பேரில் கூப்பிடுவாங்க. பைதான் பொட்டலங்களும் அப்படித்தான். பிப்பில் நிறுவும் பெயர் ஓபன்சிவி-பைதான், இம்போர்ட் செய்யும் பெயர் சிவி2. நிறுவுவது பில்லோ, கூப்பிடுவது பிஐஎல். நிறுவுவது சைகிட்-லேர்ன், கூப்பிடுவது எஸ்கேலேர்ன். இரண்டும் ஒன்றாக இருக்கணும்னு எந்த விதியும் இல்லை.

அதனால் இரண்டு வேறு வேறு பொட்டலங்கள் ஒரே கூப்பிடும் பெயரோடு வரலாம். பைஜேடபிள்யூடி என்று ஒன்று, ஜேடபிள்யூடி என்று இன்னொன்று. சம்பந்தமே இல்லாதவை, ஆனால் இரண்டும் ஜேடபிள்யூடி என்ற ஃபோல்டரில்தான் தங்களை வைக்கும். இரண்டையும் நிறுவினால் பிப் எச்சரிக்காது, பின்னால் வந்தது முன்னால் இருந்ததன் மேல் எழுதிவிடும். ஒன்றை நீக்கினால் மற்றதன் கோப்பும் சேர்ந்து போகலாம். "ஜேடபிள்யூடியில் என்கோட் இல்லை" என்ற பிழை வந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும். இரண்டையும் நீக்கிவிட்டு வேண்டியதை மட்டும் மறுபடி நிறுவணும். ஓபன்சிவியிலும் இதே கதை: கான்ட்ரிப் வகையையும் சாதாரண வகையையும் சேர்த்து நிறுவக் கூடாது, இரண்டும் சிவி2தான்.

எந்தக் கூப்பிடும் பெயருக்கு எந்தப் பொட்டலம் சொந்தம் என்று பார்க்க, இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டாவில் பேக்கேஜஸ் டிஸ்ட்ரிபியூஷன்ஸ் என்ற செயல்கூறு இருக்கு, 3.10 முதல். ஒரு பெயருக்கு நேரே இரண்டு வேறு பொட்டலம் தெரிந்தால் அங்கே நின்று பாருங்க. சில தொகுப்புகள் வேண்டுமென்றே பெயரைப் பகிர்ந்துக்கும், அதனால் இரண்டு இருந்தாலே தப்பு என்று இல்லை.

"நிறுவினேன், ஆனால் இல்லைங்குது" என்ற புகாரை இங்கே சீக்கிரம் முடிச்சிடறேன். கணினியில் மூன்று பைதான் இருக்கும், பிப் ஒன்றுக்குச் சொந்தம், நீங்க ஓட்டுவது வேறொன்று. பிப், ஹைஃபன், பெரிய வி என்று தட்டினால் அது எந்தப் பைதானின் பிப் என்று சொல்லும். நிரலுக்குள் சிஸ்.எக்ஸிக்யூட்டபிளை அச்சிட்டால் ஓடுவது எது என்று சொல்லும். இரண்டும் பொருந்தலைன்னா, வெறும் பிப்பை விட்டுட்டு பைதான், ஹைஃபன் எம், பிப் என்று தொடங்கிப் பழகுங்க. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் கணினியின் சொந்தப் பைதானில் பிப்பை நேரடியாக விடாமல் தடுத்திருக்காங்க. அந்தத் தடையை மீறும் விருப்பத்தின் பெயரே "சிஸ்டம் பொட்டலங்களை உடை" என்ற அர்த்தத்தில்தான் வச்சிருக்காங்க. பேர் வச்சவருக்கு ஒரு கும்பிடு. அதைத் தட்டாதீங்க, வென்வ் ஒன்று உண்டாக்கிக்கோங்க.

இதே பெயர்க் குழப்பம் வெறும் தொல்லையாக நில்லாமல் திருட்டாகவும் மாறலாம். பல நிறுவனங்கள் தங்கள் உள்வேலைக்கென்று தனிக் களஞ்சியம் வைத்திருக்கும். பிப்பில் கூடுதல் களஞ்சியமாக அதைச் சேர்ப்பார்கள். பிப்புக்கு "முதலில் எங்க வீட்டில் பார், இல்லாவிட்டால் வெளியே போ" என்ற முன்னுரிமை கிடையாது. இரண்டு இடத்திலும் தேடி, பதிப்பு எண் பெரிதாக இருப்பதை எடுக்கும். உங்க உள்பொட்டலத்தின் பெயரை வெளியாள் பைபிஐயில் பதிந்து, பதிப்பு எண்ணை உயர்த்தி வைத்தால் போதும். 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இந்த வழியில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உள்ளே தன் சோதனை நிரலை ஓடவைத்துக் காட்டினார்.

நிஜத் தாக்குதலும் வந்தது. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை லினக்ஸில் பைடார்ச்சின் நைட்லி பதிப்பைப் பிப் மூலம் நிறுவியவர்களுக்கு, பைடார்ச்சின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்த டார்ச்ட்ரைடனுக்குப் பதில் அதே பெயரில் பைபிஐயில் யாரோ போட்ட டார்ச்ட்ரைடன் வந்து இறங்கியது. ட்ரைடனை இம்போர்ட் செய்தால் அதன் உள்ளிருந்த நிரல், பயனரின் ஹோம் ஃபோல்டரில் உள்ள கோப்புகள், எஸ்எஸ்எச் சாவிகள் வரை வெளியே அனுப்பியது. நிலையான பதிப்பு பாதிக்கப்படவில்லை. பைடார்ச் குழு பொட்டலத்தின் பெயரை பைடார்ச்-ட்ரைடன் என்று மாற்றி, பைபிஐயில் அந்தப் பெயரில் ஒரு வெற்றுப் பொட்டலத்தைத் தாங்களே பதிந்து இடம் பிடித்து வைத்தார்கள்.

உங்க அலுவலகத்தில் உள்பொட்டலம் இருந்தால், கூடுதல் களஞ்சியம் என்ற விருப்பம் அமைப்புக் கோப்பில் இருக்கான்னு நாளைக்கே பாருங்க. இருந்தால், ஒரே களஞ்சியத்துக்கு மட்டும் போகும்படி மாற்றச் சொல்லிக் கேளுங்க. தயங்காமக் கேளுங்க, இது சின்ன விஷயம் இல்லை.

தமிழில் பெயர் வைத்தால்?

நிகழ்ச்சிக்கு வந்த ஒரு கேள்வி. பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், மாட்யூல் பெயராகவும். நிலையான நூலகத்தோடு மோதவே மோதாது! ஒரே ஒரு எச்சரிக்கை. கொக்கு என்பதில் வரும் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். பைதான் நிரலுக்குள் இருக்கும் பெயரை ஒரே எழுத்து வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும், கோப்பின் பெயரை மாற்றாது. லினக்ஸில் கோப்பின் பெயர் இரண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்தால், எதிரிலேயே இருக்கும் கோப்பைப் பார்த்து "அப்படி மாட்யூல் இல்லை" என்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் இல்லாத பெயராக வச்சுக்கிட்டா இந்தத் தொல்லை இல்லை.

அக்காவுக்கு நான் அனுப்பிய பதில் இரண்டே வரி: டண்டர் ஃபைலை அச்சிட்டுப் பாருங்க, கோப்பின் பெயரை மாத்துங்க. அன்று இரவே பதில் வந்தது. கோப்புக்கு பகடை.பை என்று தமிழிலேயே பேர் வைத்திருக்கிறார். ஆசிரியர் அது ஓடுமா என்று சந்தேகப்பட்டாராம், ஓட்டிக் காட்டியிருக்கிறார்.

போன வாரம் இன்னொரு கடிதம். "தம்பி, இப்ப வேறொரு பிழை வந்திருக்கு. டண்டர் ஃபைல் பாத்திட்டன், அது சரியான இடத்தைத்தான் காட்டுது. படம் வைச்சிருக்கிறன், ஆறுதலாப் பாருங்கோ."